திருகும் நினைவும்

நம் கல்லூரி ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புக எனத் தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாள் மயங்கினேன். இலக்கிய ஆராய்ச்சி செய்யும் புலமை எனக்கில்லை. பயணக் கட்டுரை வரையும் அளவிற்கு ஊர் பல கண்டவனுமல்லேன். யான் ஓரளவு அறிந்தவை கிட்டார் என்னும் நரம்புக் கருவியும், அதன் ஒலியை மாற்றும் சில பெட்டிகளுமே. இவை கல்லூரி மலரில் இடம்பெறத் தக்க பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயினும், அச்சிறு பெட்டிகளின்மீது அமைந்த திருகுகளைப் பற்றி என் மனத்தில் எழுந்த ஒரு வழக்கே, என் பெரியப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் யான் அறியாதிருந்த சிலவற்றை எனக்கு அறிவித்தது. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன்.

மின்கிட்டாரைப் பற்றி அறியாதார் பொருட்டு முதற்கண் சில கூறுவேன். கம்பியின் அதிர்வைக் காந்தமும் செப்புக் கம்பிச்சுருளும் கூடிய ஓர் உறுப்பு மெல்லிய மின்னோட்டமாக மாற்றுகின்றது. அம்மின்னோட்டம் ஆம்ப்ளிஃபையரிற் புகுந்து பெருகி ஒலியாக வெளிப்படுகின்றது. இடைவழியிற் சில பெட்டிகளை இணைப்போமாயின் ஒலியின் இயல்பு மாறும். ஒரு பெட்டி ஒலியைக் கரகரப்பாக்கும்; அதனை டிஸ்டார்ஷன் என்பர். மற்றொன்று, ஒருவர் வாசிப்பதைப் பலர் கூடி வாசிப்பதுபோலத் தோன்றச் செய்யும், அது கோரஸ். வேறொன்று, வாசித்ததைச் சிறிது நேரங் கழித்துத் திரும்ப ஒலிக்கும், அது டிலே. காலால் மிதித்து இயக்குவதாற் பெடல் என்பது இவற்றிற்குப் பொதுப்பெயர். ஒவ்வொரு பெடலின்மீதும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வரை திருகுகள் உண்டு. வாத்தியக்காரர் இவற்றை நாப் என வழங்குவர். ஒலி எவ்வளவு, கரகரப்பு எவ்வளவு, கூர்மை எவ்வளவு என்பவற்றை இத்திருகுகளைத் திருப்பியே அமைத்தல் வேண்டும்.

இஃது ஒரு வகை. மற்றொரு வகைக் கருவியோ, இப்பெட்டிகள் அனைத்தின் வேலையையும் கணிப்பொறியின் துணையால் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதனை ப்ராசஸர் என்பர். அதன்மீது திருகுகள் சிலவே. நாம் விரும்பிய ஒலியை ஒருமுறை அமைத்துப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், பின்னர் ஒரே மிதியில் அவ்வொலி வந்து நிற்கும். இங்ஙனம் சேமிக்கப்பட்டதற்கு ப்ரீசெட் என்று பெயர். திருகே சிறந்தது என்பாரும், ப்ரீசெட்டே சிறந்தது என்பாருமாகக் கிட்டார் வாசிப்போர் இரு கட்சியினராய் உளர். யான் இரு கட்சியிலும் இருந்தவன்.

2009ஆம் ஆண்டில் யான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதியில் தங்கிப் படித்தேன். கோடை விடுமுறையில் சிறுவர்க்குக் கணக்குக் கற்பித்துச் சேர்த்த பணத்தோடு தந்தையார் மனமிரங்கித் தந்ததையும் கூட்டி ஒரு ப்ராசஸர் வாங்கினேன். அது கைக்கு வந்த நாள் முதல் யான் இரவில் உறங்கிய நேரம் சிறிதே. அறைத் தோழர்கள் துயின்ற பின்னர், ஹெட்போனைச் செவியில் மாட்டிக்கொண்டு, மெல்லிய ஒலியில் ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்ப்பேன். அவ்வாண்டுக் கல்லூரி நாள் விழாவில் எங்கள் குழு மூன்று பாடல்களை இசைப்பதாக இருந்தது. அவற்றிற்கென ஆறு ப்ரீசெட்டுகளை ஆறு வாரம் முயன்று அமைத்தேன். ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு பெயர் இட்டேன். செவிக்குள் அவை தேனென இனித்தன. விழா மேடையில் யான் செய்யவேண்டுவது மிதிப்பது ஒன்றே என்று எண்ணி இறுமாந்திருந்தேன்.

விழாவும் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. முதற் பாடலின் முதல் வரியிலேயே ஏதோ பிழைபட்டது என்பதை உணர்ந்தேன். அறையில் இனித்த ஒலி மண்டபத்தில் அடியில் உறுமியும் மேலே கீச்சிட்டும் நின்றதேயன்றி, நடுவில் ஒன்றுமின்றி வெறிதாய் இருந்தது. ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் முழங்கும்போது என் கிட்டார் இருந்த இடமே தெரியவில்லை. திருத்தலாம் என்று குனிந்தேன். அக்கருவியில் ஒலியின் கூர்மையைக் குறைக்க வேண்டுமாயின், முதலில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். பின்னர் அம்புக்குறியை மும்முறை அழுத்தி ஆம்ப் என்னும் பக்கத்தை அடையவேண்டும். அங்கிருந்து ட்ரெபிள் என்னும் வரிக்கு இறங்கவேண்டும். யான் அவ்வரியைத் தேடிக்கொண்டிருக்கையில் என் இடையிசைக்குரிய நேரம் கடந்துவிட்டது. பதற்றத்தில் கால் தவறி வேறொரு மிதியில் பட, மூன்றாம் பாடலுக்கென வைத்திருந்த எதிரொலி முதற் பாடலின் நடுவே எழுந்தது. அவையினர் சிலர் நகைத்தனர். தோழர்கள் பின்னர் யாதும் கூறவில்லை. அவர்கள் கூறாமையே எனக்குப் பெரிதாய் வருத்திற்று.

என் பெரியப்பா அன்று விழாவிற்கு வந்திருந்தார். பகலில் ஒரு கடையில் கணக்கெழுதி, மாலையில் மெல்லிசைக் குழுவொன்றில் கிட்டார் வாசித்துக் குடும்பம் நடத்தியவர் அவர். என்னை வாயிலிற் கண்டு, தோள்மேற் கைவைத்து, "ஒலியையெல்லாம் எங்கே இருந்து அமைத்தாய், தம்பி?" என்று வினவினார்.

"விடுதி அறையில், பெரியப்பா. ஹெட்போனில் கேட்டு அமைத்தேன்."

"வாசித்தது எங்கே?"

யான் மறுமொழி கூறவில்லை. "சனிக்கிழமை வீட்டிற்கு வா, பெரியம்மா உன்னைத் தேடுகிறாள்" என்று மட்டும் கூறிச் சென்றார்.

சனிக்கிழமை சென்றேன். அவரிடம் இருந்தவை ஒரு பலகையில் ஆணியடித்துப் பொருத்திய மூன்று பெடல்களும், 1980களின் நடுவிற் கப்பலில் வேலைபார்த்த நண்பரொருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தந்த ஓர் ஆம்ப்ளிஃபையருமே. அதன் முகப்பில் திருகுகள் ஒரு வரிசையாய் இருந்தன. ஒவ்வொரு திருகின் அருகிலும் வெள்ளை எனாமல் பெயிண்டால் ஒரு சிறு புள்ளி இட்டிருந்தார். பெட்டிகளை வாங்கிப் பல ஆண்டு தேடித் தேடித் தமக்கு நிறைவளித்த ஒலியை 1991இல் கண்டதாகவும், அன்றிரவே சன்னலுக்கு அடித்து எஞ்சிய பெயிண்டில் தீக்குச்சியைத் தோய்த்து அவ்விடங்களைக் குறித்துவைத்ததாகவும் கூறினார்.

"பிறகு அப்புள்ளியிலேயே வைத்து வாசிக்கிறீர்களா?" என்றேன்.

"இல்லை, தம்பி. புள்ளி புறப்படும் இடம். மண்டபம் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்பேன்" என்றார்.

பின்னர் என்னைக் கண்ணை மூடச் சொல்லித் திருகுகளைத் திருப்பினார். எது மாறிற்று என யான் கூறவேண்டும். முதலில் ஒன்றும் சொல்லக் கூடவில்லை. மாலைக்குள் பேஸ், மிடில், ட்ரெபிள் என்னும் மூன்றையும் ஒருவாறு பிரித்தறிந்தேன். என் ப்ராசஸரில் இவற்றை எண்களாகக் கண்டிருந்தேனேயன்றி ஒலியாகக் கேட்டிருக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

அறையில் இனித்தது மண்டபத்தில் ஏன் கெட்டது என்பதைப் பின்னர் நூலகத்தில் தேடி அறிந்தேன். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சார்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இருவர் மனிதச் செவியின் இயல்பை ஆராய்ந்து வெளியிட்டனர். மெல்லிய ஒலியைக் கேட்கும்போது நம் செவி தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே உணர்கிறது. ஒலி பெருகப் பெருக அக்குறை நீங்குகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. யான் நள்ளிரவில் மெல்லிய ஒலியில் கேட்டு, குறைவாகத் தோன்றிய அடியையும் மேலையும் கூட்டிக்கூட்டி வைத்தேன். மண்டபத்தில் ஒலி பெருகியதும் அவை அளவிறந்தன. கிட்டாருக்குரிய நடுப்பகுதியோ மறைந்தது. கருவியின்மீது குற்றமில்லை. அது யான் இட்டதை ஓர் எள்ளளவும் பிழையாது திருப்பித் தந்தது. ஆறு வாரத்திற்கு முன் ஓர் அறையில் செய்த தீர்ப்பை, வேறோரிடத்தில், வேறொரு நாளில், யான் அப்படியே நிறைவேற்றினேன் என்பதே குற்றம்.

திருகு என்பதுதான் யாது? அதனுள்ளே வில்போல வளைந்த கரித்தடம் ஒன்று உண்டு. அத்தடத்தின்மேல் ஓர் உலோக நா ஊர்கின்றது. நா நகர நகர மின்தடை மாறும். மாறவே ஒலி மாறும். நம் செவி ஒலியின் ஏற்றத்தை விகிதமாகவே உணர்வதால், ஒலியளவைக் கூட்டும் திருகுகளின் தடத்தையும் தொடக்கத்தில் மெல்லவும் பின்னர் விரைந்தும் ஏறுமாறு அமைப்பர். இவ்வளவு எளிய பொருள் அது. ஆயினும், திருப்பும் கையும் கேட்கும் செவியும் ஒரே கணத்தில் வேலைசெய்ய அஃது இடந்தருகிறது. மேலும், பெட்டியை ஒருமுறை பார்த்த அளவில் எல்லாத் திருகுகளும் எங்கெங்கே நிற்கின்றன என்பது கண்ணுக்குப் புலனாகும். எப்பக்கத்தையும் திறந்து தேடவேண்டுவதில்லை.

இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. 1935இல் வெளிவந்த ஹாமண்ட் ஆர்கனில், விரற்கட்டைகளுக்கு மேலே வெளியிழுத்தும் உள்ளே தள்ளியும் ஒலியைக் கலக்க ஒன்பது கோல்கள் கொண்ட தொகுதிகள் இருந்தன. அவற்றோடு, இடப்புற ஓரத்தில் கறுப்பும் வெள்ளையும் இடம்மாறிய சில கட்டைகளும் இருந்தன. அக்கட்டைகளில் ஒன்றை அழுத்தினால் முன்னரே வகுத்த ஒலியொன்று வரும். ஒரே கருவியில் இரு கட்சியினருக்கும் இடமளித்தனர் எனலாம். கிட்டார்ப் பெட்டிகளோ திருகோடே பிறந்தன. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் இசைத்தட்டொன்றைப் பதிவுசெய்தபோது, கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்று, இடையிசை கரகரத்து ஒலித்தது. அப்பிழையே இனிதாய் இருக்கக் கண்ட ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி என்பார் அதனை வேண்டும்போது உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை அமைத்தார். கிப்ஸன் நிறுவனத்தார் 1962இல் அதனை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெயரில் விற்றனர். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற இசைத்தட்டொன்றில் அவ்வொலி முழங்கிய பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. அப்பெட்டியில் இருந்த திருகுகள் இரண்டே.

சேமிக்கும் வேட்கை சிந்தசைசர் வாசிப்போரிடம் முற்பட எழுந்தது. 1970இல் வந்த மினிமூக் என்னும் கருவியில் திருகுகள் பலவுண்டு, நினைவு இல்லை. ஆதலின், வாசிப்போர் கருவியின் முகப்பைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு திருகும் நிற்கவேண்டிய இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டனர். என் பெரியப்பாவின் வெள்ளைப் புள்ளிகளும் அத்தாளுக்கு உறவினவே. 1978இல் டேவ் ஸ்மித் என்பாரின் நிறுவனம் வெளியிட்ட ப்ராஃபெட்-5 என்னும் கருவி, திருகுகளையும் வைத்துக்கொண்டு 40 ஒலியமைப்புகளை நினைவிலும் இருத்திற்று. 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வந்தது. அதில் திருகு வரிசையே இல்லை. அழுத்தும் பொத்தான்களும், மதிப்பை ஏற்றி இறக்க ஒரு தள்ளுகோலும், உள்ளே 32 ஒலிகளும் இருந்தன. அதன் அமைப்பு முறை கடினமாதலின், அதனை வாங்கியவருட் பெரும்பாலோர் நிறுவனத்தார் இட்டனுப்பிய ஒலிகளையே வாசித்தனர். அதனாலன்றோ அக்காலத்து இசைத்தட்டுகள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்!

இவற்றையெல்லாம் படித்த யான் திருகுக் கட்சியிற் சேர்ந்தேன். சேர்ந்ததோடு அமையாது, அதன் பிரசாரகனும் ஆனேன். என் ப்ராசஸரைத் துணியிற் சுற்றிக் கட்டிலின்கீழ்த் தள்ளிவிட்டு, பழைய பெடல்கள் இரண்டை வாங்கினேன். ப்ரீசெட் வைத்து வாசிப்போரைக் காணுந்தோறும் இரக்கங் கலந்த புன்னகை செய்தேன். அப்புன்னகையை நினைத்து இன்றும் நாணுகிறேன்.

2010இல் தூத்துக்குடியில் ஒரு திருமண வரவேற்பில் பெரியப்பாவின் குழு இசைத்தது. யான் பெட்டிகளைச் சுமந்து உடன் சென்றேன். அன்று பாடல்களைத் துண்டுதுண்டாக இணைத்து இடைவிடாது பாடும்படி கேட்டிருந்தனர். ஒரு பாடலில் கோரஸோடு கூடிய மெல்லிய மீட்டல், அடுத்ததில் டிஸ்டார்ஷன், அதனையடுத்து எதிரொலியோடு தனியிசை. மூன்றிற்கும் இடையில் சில நொடிகளே. மூன்று பெடல்களில் ஐந்து திருகுகளை மாற்றுதல் வேண்டும். முழங்கால் வலி உடைய பெரியப்பா ஒவ்வொரு முறையும் குனிந்தார். மூன்றாம் முறை அவர் நிமிருமுன் தாளம் தொடங்கிவிட்டது. பாட வந்த பெண் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. அருகிலிருந்த கீபோர்டுக்காரரோ ஒரு பொத்தானை அழுத்தி இருபது வகை ஒலிகளைத் துன்பமின்றி மாற்றிக்கொண்டிருந்தார். 1983இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் முறையில், ஓர் எண்ணை அனுப்பினால் 128 அமைப்புகளுள் ஒன்று வந்து நிற்கும். அதனை இகழ்ந்த யான், அன்று மேடையோரத்தில் நின்று அதனையே விரும்பினேன்.

இனிக் கூறப்போவதே இக்கட்டுரைக்குக் காரணமாயது.

2011ஆம் ஆண்டின் நடுவில் குழுவை நடத்தியவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில மாதங்களாகவே உங்கள் பெரியப்பா வாசிக்கிற ஒலி காதைக் குத்துகிறது. கேட்க வருகிறவர்களும் சொல்கிறார்கள். குறைக்கச் சொன்னால், இதற்குமேல் குறைத்தால் வாசிப்பதே கேட்காது என்கிறார். வருகிற பருவத்திற்கு வேறு ஆளைப் பார்க்கலாமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்" என்றார்.

எனக்கும் அது தெரியாததன்று. அவர் வாசிப்பதில் கீச்சொலி மிகுந்து வருவதை யான் முன்னரே உணர்ந்திருந்தேன். ஆயினும், கண்ணை மூடி ஒலி கேட்கக் கற்பித்தவரிடம் சென்று, உங்கள் ஒலி கெட்டுவிட்டது என்று எவ்வாறு கூறுவேன்? இரண்டு வாரம் கூறாதிருந்தேன். மூன்றாவது வாரம் அவர் வீட்டில் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ட்ரெபிள் திருகு என் கண்ணிற் பட்டது. 1991இல் இட்ட வெள்ளைப் புள்ளி கடிகாரத்தின் பதினோரு மணி இடத்தில் இருந்தது. திருகு நின்ற இடமோ மூன்று மணி.

அன்று மாலை அவர் வாசிக்க அமர்ந்தபோது, "பெரியப்பா, எல்லாவற்றையும் பழைய புள்ளியில் வைத்து ஒருமுறை வாசியுங்களேன், கேட்க ஆசையாய் இருக்கிறது" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தார். வாசித்தார். உடனே நிறுத்தினார்.

"மூடிக் கிடக்கிறதே! திருகு தேய்ந்துவிட்டது போலும்."

அது நேரக்கூடியதே. தூசு படிந்தாலும் கரித்தடம் தேய்ந்தாலும் திருகு கரகரக்கும், ஒலியும் மாறும். ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, துப்புரவு செய்யும் தைலத்தைத் தெளித்து, எல்லாத் திருகுகளையும் இருபுறமும் பன்முறை சுழற்றினோம். மீண்டும் புள்ளியில் வைத்து வாசித்தார். "இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஸ்பீக்கரும் பழசாகிவிட்டது" என்றார்.

அப்போது அடுக்களையிலிருந்து பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றார். "இப்பொழுதுதான் பழையபடி இருக்கிறது. இத்தனை நாளாய் ஏன் அப்படிக் கீச்சென்று வைத்திருந்தீர்கள்? பட்டறை பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன்" என்றார்.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். யான் தலை குனிந்தேன். அவர் நெடுநேரம் அவ்வெள்ளைப் புள்ளியையே நோக்கியிருந்தார். பின்பு மெல்ல, "உனக்கு எத்தனை நாளாய்த் தெரியும்?" என்றார்.

"சில மாதமாக, பெரியப்பா."

"சொல்லியிருக்கலாம், தம்பி" என்றார். அதில் சினமில்லை.

அடுத்த வாரம் அவரைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஒலி புகாத சிற்றறையில் அமர்த்தி, தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து சோதித்தனர். தாளில் வரைந்து தந்த கோடு தொடக்கத்தில் நேராய்ச் சென்று 4000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளத்தில் இறங்கிற்று. பேரொலியில் நெடுங்காலம் உழைத்தோர் செவியில் முதற்கண் கெடுவது பெரும்பாலும் அவ்விடமே என்றும், முதுமையில் உயர்ந்த சுரங்களே முன்னர் மங்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். கிட்டாரின் மிகமேலான சுரம் ஏறத்தாழ 1200 ஹெர்ட்ஸ் அளவினதே. ஆதலின் அவர் எந்தச் சுரத்தையும் இழக்கவில்லை, பிழையின்றி வாசித்தார். அவர் இழந்தது சுரத்தின்மேல் நிற்கும் ஒளியை. அவ்வொளி செவியில் மங்க மங்க, கை தானறியாமல் திருகை ஏற்றிக்கொண்டே வந்தது. முப்பது ஆண்டு தாளக் கருவிகளின் பக்கத்தில் நின்றதற்கு அஃது அவர் செலுத்திய கூலி.

இங்கே என் கட்சி இரண்டும் சரிந்தன. இன்று கேட்கும் செவிக்குக் கீழ்ப்படிவது திருகு என்று அதனைப் போற்றினேன். அச்செவியே தவறுமாயின், திருகு அத்தவற்றிற்கும் அவ்வாறே கீழ்ப்படிகிறது, எச்சரிப்பதில்லை. சேமித்து வைத்தது இடமறியாது, நாளறியாது என்று இகழ்ந்தேன். இருபது ஆண்டுக்குமுன் நற்செவியோடு இருந்த ஒருவர் இட்ட புள்ளியே, அவர்தம் செவி மாறிற்று என்பதை அவருக்குச் சான்றோடு காட்டிற்று. நினைவு வைத்திராவிடில் இழந்ததையும் அறிந்திரோம்.

பெரியப்பா கிட்டாரை விடவில்லை. ட்ரெபிள் திருகைப் பதினோரு மணிப் புள்ளியில் வைத்து, அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டினார். "இதை மட்டும் 1991இல் இருந்தவன் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவற்றை நான் பார்க்கிறேன்" என்றார். மண்டபத்திற்கு ஏற்ப ட்ரெபிளை மாற்றவேண்டிய இடங்களில், யான் அவையின் நடுவே நின்று கையால் மேலென்றோ கீழென்றோ குறிகாட்டுவேன். அவர் அதன்படி மாற்றுவார். தமக்கு மூடியதாகக் கேட்கும் ஒலியை, பிறர்க்கு இனிதாய் இருக்கும் என்னும் நம்பிக்கை ஒன்றாலேயே ஒவ்வொரு மாலையும் வாசித்தார். எளிதன்று அது. குழுவினரும் வேறு ஆள் தேடவில்லை. 2016 வரை அவர் மேடையேறினார்.

யானும் கட்டிலின்கீழ்க் கிடந்த ப்ராசஸரை எடுத்தேன். பெரியப்பா குனியாதிருக்கும்பொருட்டு அவருடைய மூன்று ஒலிகளை அதில் அமைத்துத் தந்தேன். இம்முறை விடுதி அறையில் அமைக்கவில்லை. ஒத்திகை மண்டபத்தில், ட்ரம்ஸ் முழங்க, மேடையில் வாசிக்கும் அளவு ஒலியில் அமைத்தேன். அப்போது ஓர் இடர் தோன்றிற்று. ப்ரீசெட்டை மாற்றியதும், வெளியே உள்ள திருகு காட்டும் இடம் ஒன்றாகவும் உள்ளே ஒலி நிற்கும் இடம் வேறொன்றாகவும் ஆகின்றது. சில கருவிகளில் திருகைத் தொட்டவுடன் ஒலி திடுக்கெனத் தாவும். சிலவற்றில், சேமித்த இடத்தைத் திருகு கடக்கும்வரை ஒன்றும் நிகழாது. சிலவற்றில் முடிவின்றிச் சுழலும் திருகு வைத்து, அதனைச் சுற்றி ஒளிப்புள்ளிகளால் மெய்யான இடத்தைக் காட்டுவர். எங்கள் கருவி தாவும் இயல்பினது. ஆதலின் ப்ரீசெட்டுகளை அதில் இருத்தி, மண்டபத்திற்கேற்ற மாற்றங்களையெல்லாம் ஆம்ப்ளிஃபையரின் திருகுகளுக்கே விட்டுவிட்டோம். இன்ன ஒலி வேண்டும் என்பது நினைவின் வேலை; இவ்விடத்திற்கு எவ்வளவு என்பது கையின் வேலை. இப்பிரிவினை வகுத்த பின்னர் ஒருநாளும் அவர் தாளத்தைத் தவறவிட்டதில்லை.

இன்று அவ்வாம்ப்ளிஃபையர் என்னிடம் இருக்கிறது. பெரியப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்து யான் வாசிப்பதைக் கேட்பார், கேட்டபின் பெரியம்மாவிடம், "எப்படி?" என்று வினவுவார். வெள்ளைப் புள்ளிகளை அழிக்கவில்லை. அவற்றின் அருகில், எனக்கு நிறைவளிக்கும் இடங்களை நீலப் பெயிண்டால் அண்மையிற் குறித்து வைத்தேன். அவை இன்று வாசிப்பதற்காக அல்ல. இருபது ஆண்டு கழித்து யான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பதற்காக.

இசை பயிலும் மாணவத் தோழர்காள்! உங்கள் கருவி எவ்வகையினது ஆயினும் ஆகுக. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றிற்கு 8 மணி நேரத்திற்குமேல் இருத்தலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுந்தோறும் அக்கால அளவு பாதியாகும் என்றும் அறிந்தோர் வரையறுத்துள்ளனர். மெல்லிசை மேடையின் ஒலி இவ்வளவைப் பெரிதும் கடப்பது. செவியடைப்பான் விலை சிறிது, சட்டைப்பையில் அடங்குவது. நல்ல செவி உள்ளபோதே நும் ஒலியைக் கண்டு குறித்து வையுங்கள். குறித்து வைத்தபின் ஒவ்வொரு மண்டபத்திலும் புதிதாகக் கேளுங்கள். இரண்டிலும் ஐயம் நேருமாயின், அடுக்களையிலிருந்து ஒருவர் கூறுவதற்கும் செவி கொடுங்கள். என் பெரியப்பா அங்ஙனம் கொடுத்ததனாலேயே மேலும் ஐந்தாண்டு வாசித்தார்.